த்ரில்லர் வாசகர்களின் குறிப்பேடு: படிக்கும்போதே எழுதுங்கள், பாதியை மறைத்து வையுங்கள்

கேள்வி இதுதான்: "பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அபார்ட்மென்டில் பத்துப் பன்னிரண்டு தமிழ் வாசகர்கள் புத்தகம் மாற்றிக்கொள்கிறோம். பெரும்பாலும் த்ரில்லர். படித்ததையெல்லாம் ஒரு ஷீட்டில் குறித்து எல்லோருக்கும் அனுப்பினேன். பாதிப் பேர் ‘கதையைக் கெடுத்துட்டீங்க’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘இதைப் பார்த்து எதை எடுக்கறதுன்னே தெரியலை’ என்கிறார்கள். குறிப்பை எப்படி எழுத வேண்டும்? யாருக்கு எதைச் சொல்ல வேண்டும்?"

இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றே. நீங்கள் புத்தகத்தை முடித்த பிறகு எழுதுகிறீர்கள். முடித்த கையோடு எழுதினால் மனதில் நிற்பது கடைசி முப்பது பக்கம் மட்டும்தான். "நாலு ஸ்டார், கடைசி ட்விஸ்ட் சூப்பர்" என்று வந்து விழும். அந்த ஒரு வரி போதும், அடுத்தவர் முதல் பக்கத்திலிருந்தே ட்விஸ்ட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதே சமயம் கதை மெதுவா வேகமா, ரத்தம் அதிகமா, எத்தனை பாத்திரங்களை நினைவில் வைக்க வேண்டும் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. சமையல் குறிப்புக்கோ பயண நூலுக்கோ முடித்துவிட்டு எழுதலாம். த்ரில்லருக்கு நடுவிலேயே எழுத வேண்டும்.

வழி எளிது. ஒரு போஸ்ட் கார்டு அளவுக்குத் தாளை வெட்டி, புத்தகத்துக்குள் அடையாளமாக வையுங்கள். கதையின் கால் பங்கு, பாதி, முக்கால் என்று மூன்று இடத்தில் நின்று மூன்றே விஷயம் எழுதுங்கள்: இப்போது யார் மேல் சந்தேகம், எதனால், எந்தக் கேள்விக்கு விடை தெரியத்தான் பக்கம் புரட்டுகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். பக்க எண்ணைப் போடாமல் அத்தியாய எண்ணைப் போடுங்கள். ஒரே சுஜாதா நாவலை விசா பதிப்பகமும் போட்டிருக்கும், வேறு பதிப்பகமும் போட்டிருக்கும். பக்கம் ஒத்துப்போகாது, அத்தியாயம் ஒத்துப்போகும். கிண்டிலில் படிப்பவர்கள் சதவீதத்தைக் குறிக்கலாம். ஆனால் பல மின்னூல்களில் கடைசியில் அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தை ஒட்டியிருப்பார்கள். கதை 93 சதவீதத்திலேயே முடிந்துவிடும். பொருளடக்கத்தைப் பார்த்து, கதை எங்கே முடிகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ‘முக்கால்’ எது என்று சரியாகக் கணக்கிடலாம்.

கிண்டிலில் இன்னொரு தொல்லை, மற்ற வாசகர்கள் அதிகம் கோடிட்ட வரிகள் புள்ளிக்கோடோடு தெரிவது. சாதாரண நாவலில் அதனால் பாதகமில்லை. துப்பறியும் கதையில் ‘இந்த வரியை இத்தனை பேர் குறித்திருக்கிறார்கள்’ என்று காட்டினால் அதுவே துப்பு. படிக்கும் அமைப்புகளில் பாப்புலர் ஹைலைட்ஸை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இந்த மூன்று வரியால் என்ன பயன் என்பது புத்தகத்தை முடித்ததும் தெரியும். கால் பங்கிலேயே ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், ஆனாலும் கடைசிவரை ருசியாகப் போனது என்றால், அந்தப் புத்தகம் ரகசியத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. யாருக்கும் தைரியமாகக் கொடுக்கலாம். பிடித்ததும் சலித்துவிட்டது என்றால் அதில் சரக்கு அந்த ஒரு ரகசியம் மட்டுமே. த்ரில்லர் அதிகம் படிக்காதவருக்கு மட்டும் கொடுங்கள், நூறு படித்தவர் நாற்பதாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்று இடத்திலும் மூன்று பேரைச் சந்தேகித்து மூன்றும் தவறிப்போனால் ஒன்று எழுத்தாளர் கெட்டிக்காரர், இல்லையென்றால் ஏமாற்றுக்காரர். எது என்று அறிய அந்தத் தாளோடு பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைத்த தடயம் வாசகருக்கும் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்று ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-ல் எழுதிய பத்து விதிகளில் இருக்கிறது. விதிகளில் சில இன்று பழையதாகிவிட்டன. இந்த இரண்டும் அப்படியே நிற்கின்றன. கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு தம்பி வந்து இறங்கினால் மார்க்கைத் தயங்காமல் குறைக்கலாம்.

மார்க் விஷயத்தில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முடித்த அன்று ஒரு மார்க், இரண்டு வாரம் கழித்து இன்னொரு மார்க். முதல் மார்க்கைப் பார்க்காமல் இரண்டாவதைப் போட வேண்டும். அன்றிரவு போடும் மார்க்கில் க்ளைமாக்ஸின் படபடப்பு சேர்ந்திருக்கும். இரண்டு வாரத்தில் அது வடிந்துவிடும்; பாத்திரத்தின் பெயர்கூட நினைவில் இல்லையென்றால் 9 இறங்கி 6 ஆகும். மற்றவர்கள் நம்ப வேண்டியது இரண்டாவதை. ஆனால் முதல் மார்க்கை அழிக்க வேண்டாம்: முதல் மார்க் 9, இரண்டாவது 6 என்றிருக்கும் புத்தகம் ரயில் பயணத்துக்குத் தோதானது. 6 ஏறி 8 ஆன புத்தகம் மெதுவாகப் படிப்பவர்களுக்கானது. இந்த வித்தியாசம் எந்த ஸ்டாரிலும் தெரியாது.

இனி யாருக்கு எதை என்ற கேள்வி. எல்லாவற்றையும் ‘த்ரில்லர்’ என்று ஒரே பெட்டியில் போடுவதால்தான் சிபாரிசு தவறுகிறது. பக்கத்தைப் புரட்ட வைக்கும் கேள்வி எது என்று பாருங்கள். செய்தது யார் என்பது ஒரு வகை. எப்படிச் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பவை வேறு வகைகள். நடக்குமா, மாட்டிக்கொள்வானா என்பது இன்னொரு வகை. ஒரு வகையில் கிறங்கிப்போகிறவர் இன்னொன்றில் தூங்கிவிடுவார். அதனால் உங்கள் ஷீட்டில் ‘வகை’ என்ற கட்டத்தில் சைக்கலாஜிக்கல், க்ரைம் என்றெல்லாம் எழுதாமல் யார், எப்படி, ஏன், மாட்டுவானா என்ற நான்கில் ஒன்றைப் போடுங்கள்.

யார் என்ற வகைக்குப் புதிதாக வருபவருக்கு அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ (1939) போதும். ஒரு தீவு, பத்துப் பேர். அவருடைய வழக்கமான துப்பறிவாளர்கள் பாய்ரோவும் மிஸ் மார்ப்பிளும் இல்லாத கதை என்பதால் முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். பெயர்கள் முதலில் குழப்பும். அந்தப் போஸ்ட் கார்டின் பின்புறம் பத்துப் பெயரையும் எழுதிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்டி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: சில நாவல்களுக்கு இங்கிலாந்தில் ஒரு தலைப்பு, அமெரிக்காவில் வேறு தலைப்பு. ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ 1934-ல் அமெரிக்காவில் ‘மர்டர் இன் தி கலே கோச்’ என்று வந்தது. பழைய புத்தகக் கடையில் புதிது என்று நினைத்து எடுத்துவந்து ஷீட்டில் இரண்டு தடவை ஏற்றிவிடுவார்கள்.

எப்படி என்பதற்குக் கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. ஜப்பானிய மூலம் 2005, ஆங்கிலம் 2011. கொலை ஆரம்பத்திலேயே நம் கண்ணெதிரில் நடக்கிறது. யார் என்பதில் மர்மமே இல்லை. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை எப்படி மறைக்கிறார், அவருடைய பழைய கல்லூரித் தோழரான இயற்பியல் பேராசிரியர் அதை உடைப்பாரா என்பதுதான் கதை. ‘கொலைகாரன் யார்னு முதல்லயே தெரிஞ்சுபோச்சே’ என்று மூன்றாம் அத்தியாயத்தில் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கொடுக்கும்போதே வகையைச் சொல்லிவிட்டால் இந்தப் புகார் வராது. ஆங்கிலத்தில் முதலில் வந்தது இதுதான் என்றாலும் அந்தப் பேராசிரியர் வரும் வரிசையில் இது மூன்றாவது புத்தகம். முன்னிரண்டும் சிறுகதைத் தொகுப்புகள், படிக்காவிட்டாலும் குறையில்லை. ஏன் என்ற கேள்விக்கு அதே ஆசிரியரின் ‘மாலிஸ்’.

மாட்டுவானா வகைக்கு ஃபிரெடெரிக் ஃபோர்சித்தின் ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ (1971). பிரெஞ்சு அதிபர் ட கோலைச் சுட ஒரு வாடகைக் கொலையாளியை அமர்த்துகிறார்கள். ட கோல் 1970-ல் தன் வீட்டில் இயற்கையாகத்தான் இறந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். முடிவு தெரிந்தும் விரல் நகத்தைக் கடிக்க வைக்கும். ஸ்பாய்லர், அதாவது கதையை முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பது, என்றாலே சண்டைக்கு வருபவர்களுக்கு முதலில் இதைக் கொடுங்கள். துப்பாக்கி செய்வது, போலி பாஸ்போர்ட் எடுப்பது என்று வேலை நுணுக்கம் நிறைய. அதை ரசிக்காதவர்களுக்கு நடுப்பகுதி இழுவையாகத் தெரியும். பட்ரீசியா ஹைஸ்மித்தின் ‘தி டாலன்ட்டட் மிஸ்டர் ரிப்ளி’யும் (1955) இதே வகைதான், ஆனால் இதில் நாம் குற்றவாளியின் தோளில் உட்கார்ந்து போகிறோம். நல்லவன் ஒருத்தன் வேண்டும் என்பவருக்கு ஒத்துவராது. ஜான் லெ காரேயின் ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு’ (1963) சின்னப் புத்தகம்தான். ஆனாலும் ஒரு உரையாடலைத் தவறவிட்டால் பின்னால் எதுவும் புரியாது. பர்ப்பிள் லைன் மெட்ரோவில் நின்றுகொண்டு படிக்க ஏற்றதல்ல, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் ஆரம்பிக்க வேண்டிய இடம் பெங்களூர்க்காரர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுஜாதா ஜாலஹள்ளி பி.இ.எல்.லில் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) வேலை பார்த்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு உண்டு. அவருடைய வக்கீல் நாயகன் கணேஷ் முதலில் வருவது ‘நைலான் கயிறு’. உதவியாளர் வசந்த் பிறகுதான் சேருகிறார். வசந்தின் குறும்புக்காகவே படிக்க வருபவருக்கு இதைக் கொடுத்தால் ‘ஆள் எங்கே’ என்பார். அவருக்குக் ‘கொலையுதிர் காலம்’. பேயா, விஞ்ஞானமா என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே போகும் கதை. மூன்று இடத்திலும் உங்கள் கட்சி எது என்று தாளில் எழுதிவைத்துப் பாருங்கள், குழுவில் பேச அதுவே ஒரு சாயங்காலத்துக்குப் போதும். நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வரும் இளைஞனில் தொடங்கும் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ கொலையைவிட ஊர்ச் சூழலுக்காகப் படிக்க வேண்டியது. இவையெல்லாம் பத்திரிகைத் தொடர்களாக வந்தவை. வாரா வாரம் காத்திருக்க வைப்பதற்காக ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும். ஒரே மூச்சில் படித்தால் அந்தக் கொக்கிகள் அலுக்கும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு அத்தியாயம் என்று நிறுத்திப் படித்தால்தான் அதன் ருசி.

ராஜேஷ்குமாரின் கதைகளில் பெரும்பாலும் இரண்டு தடங்கள் தனித்தனியாக ஓடி முடிவில் சேரும். அவர் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் எழுதியிருப்பதால், ‘ராஜேஷ்குமார் நல்லாருக்கும்’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனே இல்லை. தலைப்பையும் வந்த இதழையும் குறியுங்கள். இரண்டு தடம் சேரும் இடத்தை எந்த அத்தியாயத்தில் ஊகித்தீர்கள் என்பதே அவருக்கான சரியான அளவுகோல். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா கதைகளில் கேலிப் பேச்சுதான் முன்னால் நிற்கும், புதிர் பின்னால்தான். சுபா என்ற பெயரில் எழுதும் இரட்டையரின் நரேந்திரன்-வைஜயந்தி கதைகளில் ஓட்டமும் சண்டையும் அதிகம், கிட்டத்தட்ட சினிமா. அந்த இரட்டையர் பிற்பாடு ‘அயன்’, ‘கோ’ படங்களில் வேலை செய்ததில் ஆச்சரியமில்லை.

உங்கள் குழுவில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். பெங்களூரில் பள்ளியில் தமிழ் கிடைப்பது அபூர்வம். அவர்களுக்கு நாவல் வேண்டாம். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ தனித்தனிக் கதைகள். அசடு என்று எல்லோரும் நினைக்கும் ஒரு பேங்க் குமாஸ்தா அதிர்ஷ்டத்தாலேயே கேஸ்களை முடித்துவைப்பார். ஒரு கதையை ஒரு மூச்சில் முடித்துவிடலாம், பயமுறுத்தும் விஷயமும் கிடையாது.

நம் ஊர்த் தெருவிலேயே கதை நடக்க வேண்டும் என்று கேட்பவருக்கு அனிதா நாயரின் இன்ஸ்பெக்டர் போரே கவுடா வரிசை. முதல் புத்தகம் ‘எ கட்-லைக் வூண்ட்’ (2012) ரம்ஜான் மாதத்தில் சிவாஜிநகரைச் சுற்றி ஆரம்பிக்கிறது. அடுத்த ‘செயின் ஆஃப் கஸ்டடி’ குழந்தைக் கடத்தல் பற்றியது. இதைக் குறிப்பில் எழுதாமல் கொடுக்கக் கூடாது. ‘உள்ளடக்க எச்சரிக்கை’ என்று ஒரு கட்டம் வையுங்கள்: குழந்தைகளுக்கு ஆபத்து, பாலியல் வன்முறை, சித்திரவதை, விலங்குகளைக் கொல்வது. யாருக்கு எது தாங்காது என்பது அவரவருக்குத்தான் தெரியும். இதனால் கதை கெடாது. வரிசையாகப் படிக்க வேண்டியவற்றுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். ஸ்டீக் லார்சனின் முத்தொகுதியில் முதல் நூல் தனியாக நிற்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே கதையின் இரு பாதி. மூன்றாவது அலமாரியில் இருக்கிறது என்று உறுதிசெய்யாமல் இரண்டாவதைக் கைமாற்றினால் திட்டு வாங்குவீர்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி, எல்லோரும் பார்க்கும் பக்கத்தில்:

"தி டே ஆஃப் தி ஜக்கால். ஃபோர்சித். ஆங்கிலம். வகை: மாட்டுவானா. முதல் பகுதியில் பிரெஞ்சு அரசியல் பெயர்கள் அதிகம், பொறுத்துக்கொள்ள வேண்டும். போலீஸ் அதிகாரி உள்ளே வந்த பிறகு வேகம். கொலைகள் உண்டு, ரத்தம் குறைவு. வேலை நுணுக்கம் பிடித்தவர்களுக்கு. மார்க் 8, பிறகு 9."

இதில் முடிவு பற்றி ஒரு சொல் இல்லை. ‘எதிர்பாராத’, ‘அதிர்ச்சி’, ‘கடைசிப் பக்கம்வரை’ எதுவும் இல்லை. ‘இந்த ஆசிரியரின் மற்ற புத்தகங்கள் மாதிரி இல்லை, பார்த்துக்கோ’ என்று கண் சிமிட்டுவதும் ஸ்பாய்லர்தான். அப்படிச் சொன்னாலே கெட்டுப்போகும் புகழ்பெற்ற நாவல்கள் சில உண்டு. அவற்றின் பெயரை இங்கே எழுதினால் நானும் அதே வேலையைச் செய்ததாகும். அந்த மாதிரிப் புத்தகத்துக்கு வகை, பக்க அளவு, மார்க் மட்டும் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பின் அட்டையைப் படிக்காதீர்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம். அங்கே பாதிக் கதையைக் கொட்டியிருப்பார்கள்.

சந்தேகக் குறிப்பு, முடிவு பற்றிய விவாதம் எல்லாம் வேறு ஃபைலில் இருக்க வேண்டும். அதே ஷீட்டில் கட்டத்தை ஒளித்துவைத்தால் போதாது. பார்க்கும் உரிமை மட்டும் உள்ளவர்கூட ஒரு நகல் எடுத்தால் ஒளித்த கட்டத்தைத் திறந்துகொள்ளலாம். யார் யாரிடம் புத்தகம் இருக்கிறது, யார் திருப்பித் தரவில்லை என்ற கணக்கும் அந்தத் தனி ஃபைலுக்கே போகட்டும். பொதுவில் வைத்தால் மனஸ்தாபம் வரும்.

கூகுள் ஷீட்டில் மூன்று கோளாறு வழக்கமாக வரும். முதலாவது தேதி: லொகேல் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) அமெரிக்கா என்றிருந்தால் 5/7 என்று அடித்தது ஜூலை 5 ஆகாமல் மே 7 ஆகிவிடும். ஃபைல், செட்டிங்ஸ் போய் இந்தியாவுக்கு மாற்றுங்கள். இரண்டாவது, யாராவது மார்க் கட்டத்தை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால் மார்க் ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும், யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் கமென்ட் உரிமை மட்டும் கொடுங்கள். வரிசைப்படுத்த விரும்புவோர், மற்றவர்களின் ஷீட்டைக் கலைக்காத ஃபில்டர் வியூ கேட்கட்டும். மூன்றாவது, பெயர் எழுதும் விதம். பட்டுக்கோட்டை பிரபாகர், ப.கோ.பி., பி.கே.பி. என்று மூன்று விதமாக ஏறினால் ஷீட் அவரை மூன்று ஆசிரியராக எண்ணும். ஆசிரியர் கட்டத்துக்கு ட்ராப்டவுன் (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதி) வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை முடிந்தது.

வாட்ஸ்அப்பில் சிபாரிசு அனுப்பும்போது முதல் இரண்டு வரியில் கதை பற்றி எதுவும் வேண்டாம். பூட்டிய திரையில் நோட்டிஃபிகேஷனாகத் தெரிவது அந்த வரிகள்தான். நீங்கள் ஜாக்கிரதையாக எழுதினாலும் இன்னொருவர் ‘ஆமா, அந்த டாக்டர்தான்னு நான் அப்பவே நினைச்சேன்’ என்று பதில் போட்டுவிடுவார். அதனால் முடிவைப் பேச ஒரு தனி குரூப், புத்தகத்தை முடித்தவர் மட்டும் அதில் சேரலாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. டெலிகிராம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் வரியைத் தேர்ந்து ஸ்பாய்லர் என்று மறைக்கும் வசதி உண்டு, தொட்டால்தான் தெரியும்.

புத்தகம் எங்கே என்றால், ஆங்கிலத்துக்கு சர்ச் ஸ்ட்ரீட்டில் ப்ளாசமும் புக்வோர்மும் இருக்கின்றன; எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரம். தமிழுக்கு அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்க நூலகம். அங்கே கிடைக்காததைச் சென்னைப் பதிப்பகங்களிடமிருந்து தபாலில் தருவித்துக்கொள்ளலாம். பழைய த்ரில்லர் வாங்கும்போது கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். கடைசித் தாள் இருக்கிறதா என்று, எழுத்தைப் படிக்காமல், பக்க எண்ணை மட்டும் பாருங்கள். பிறகு பதினாறு பதினாறு பக்கமாகத் தைக்கப்பட்ட ஃபாரம் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று நடுவில் புரட்டிப் பாருங்கள். ஒரு ஃபாரம் போனால் பதினாறு பக்கம் போச்சு. முதல் வெற்றுத்தாளில் பேனாவில் ஏதாவது எழுதியிருந்தால் படிக்க வேண்டாம், நண்பரிடம் காட்டுங்கள். கொலைகாரனின் பெயரை அங்கே எழுதிவைத்துவிட்டு விற்கும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி இருந்தால் தாளைக் கிழிக்காமல் மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டுக் குழுவுக்குள் விடலாம்.